நண்டின் கொடுக்கு: கெலாய்டுத் தழும்பும் கத்தி–கதிர் மருத்துவத்தின் வரலாறும்

புண் ஆறுவது உடலின் இயல்பு. ஆறிய இடத்தில் தழும்பு எஞ்சுவதும் இயல்பே. சிலருடைய தோலில் மட்டும் அந்தத் தழும்பு எங்கே நிற்பது என்று அறியாமல் வளர்கிறது. காது குத்திய சிறு துளையிலிருந்து நெல்லிக்காய் அளவுக்குத் திரள்கிறது. முகப்பரு ஆறிய மார்பில் தடித்த வரப்பாக நீள்கிறது. தடுப்பூசி போட்ட தோளில் புடைத்து, அரித்து, உறக்கத்தைக் கெடுக்கிறது. கெலாய்டு என்று மருத்துவர் அழைப்பது இதனையே. இது உயிரைப் பறிப்பதில்லை. ஆயினும் அறுத்து எறிந்தால் முன்னிலும் பெரிதாகத் திரும்பி வருவது இதன் வழக்கம். இரு நூற்றாண்டுகளாக மருத்துவம் இதனோடு போராடி வந்த கதையில் ஒரு முரண் ஓடிக்கொண்டிருக்கிறது: புற்றுநோயிலிருந்து விலக்கி வைப்பதற்கென்றே பெயர் மாற்றப்பட்ட ஒரு நோய், புற்றுநோய்க்குரிய கருவியையே நாடி வரவேண்டியதாயிற்று.

முதலில் பெயர். பாரிஸ் நகரத்துச் சேன் லூயி மருத்துவமனையில் தோல்நோய்களை வகைப்படுத்திய ழான் லூயி அலிபேர், 1806-இல் இந்நோயைக் 'கான்கிராயிட்' என்று குறித்தார். புற்றைப் போன்றது என்பது பொருள். நோயாளிகள் அதனைப் புற்றுநோய் என்றே மயங்கக்கூடும் என்பதால் 1817 அளவில் அப்பெயரைக் கைவிட்டுக் 'கெலாயிட்' என்ற புதுச் சொல்லைப் படைத்தார். 'கேலே' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நண்டின் கொடுக்கு என்று பொருள். காயத்தின் எல்லையைத் தாண்டி, பக்கத்திலுள்ள நல்ல தோலுக்குள் கால் நீட்டிப் பற்றும் அதன் வடிவத்தை அச்சொல் துல்லியமாகக் காட்டியது. ஆனால் புற்றுநோயைக் குறிக்கும் 'கார்கினோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் நண்டு என்பதே பொருள். அலிபேர் நண்டை விலக்கிவிட்டு அதன் கொடுக்கை மட்டும் வைத்துக்கொண்டார். சொல்லளவில் தொடங்கிய இந்த ஒட்டுறவு, பிற்காலத்தில் சிகிச்சையளவிலும் தொடர்ந்தது.

தமிழிலும் மலையாளத்திலும் 'வடு' என்ற சொல் உண்டு. தமிழில் 'தழும்பு' என்பது ஆறிய காயத்தின் அடையாளம். மலையாளத்தில் 'தழம்பு' என்பது உராய்வால் தடித்த தோலையும், அதாவது நாம் காய்ப்பு என்று சொல்வதையும் குறிக்கும். இரு மொழிகளிலும் இச்சொற்கள் முடிந்துபோன ஒன்றையே சுட்டுகின்றன. காயம் முடிந்தபின் எஞ்சுவது வடு. முடியாமல் வளர்ந்துகொண்டே போகும் வடுவுக்கு அன்றாடப் பேச்சில் நிலைபெற்ற தனிச்சொல் இல்லை. ஆனால் அத்தகைய தழும்பு தோன்றுவதற்கான வாய்ப்போ இந்நிலத்தில் என்றும் குறைந்ததில்லை.

காரணங்களுள் முதன்மையானது காது. தென்மாவட்டத் தமிழ்ப் பெண்களின் பாம்படமும் தண்டட்டியும், கேரளத்து நாயர் பெண்டிரின் தோடயும் காதின் கீழ்மடலைத் துளைத்து நீட்டியவை. கொச்சி முதலிய பகுதிகளின் சிரியன் கிறித்தவ மூதாட்டியர் மேற்காதின் விளிம்பைத் துளைத்து மேக்காமோதிரமும் குணுக்கும் அணிந்தனர். சுசுருத சங்கிதை காது குத்துவதற்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்குகிறது. குழந்தையின் ஆறாம் அல்லது ஏழாம் திங்களில் அதனைச் செய்யச் சொல்கிறது. கிழிந்த மடலை ஒட்டுவதற்குப் பதினைந்து முறைகளைப் பட்டியலிடுகிறது. கைக்குழந்தைப் பருவத்திலேயே காது குத்தும் வழக்கத்துக்கு வேறொரு நன்மையும் இருந்திருக்கலாம். 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 11 வயதுக்கு முன் காது குத்தப்பட்டவர்களைவிட, அதற்குப் பின் குத்திக்கொண்டவர்களிடம் கெலாய்டு மிகுதியாகத் தோன்றுவதாகக் கண்டது. 32 பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான் அது. எனினும், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையிலேயே கெலாய்டு மிகுதியாக எழுகிறது என்ற பொதுவான மருத்துவ அறிவோடு அது ஒத்துப்போகிறது. இன்று கல்லூரிப் பருவத்தினர் மேற்காதின் குருத்தெலும்பில் துளையிட்டுக்கொள்வது, இவ்வகையில் பாட்டியரின் வழக்கத்துக்கு நேர்மாறான வயதில் நிகழ்கிறது.

இரண்டாவது காரணம் தோள். 1948-இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் தொடங்கப்பட்டது. காசநோய்க்கு எதிரான அந்த ஊசி நாடு முழுவதும் குழந்தைகளின் இடது மேற்கையில் போடப்பட்டது. கோடிக்கணக்கானோருக்கு அது காசளவுத் தழும்போடு நின்றது. தோளும் மேல்மார்பும் கெலாய்டு எளிதில் எழும் இடங்கள் ஆதலால், சிலருக்கு நிற்கவில்லை.

இனி, இந்நோய் ஏன் அறுவைக்கு அடங்குவதில்லை என்பதைப் பார்க்கவேண்டும். புண்ணை மூடுவதற்காக நார்ச்செல்கள் கொலாஜன் என்னும் புரத இழையை நூற்கின்றன. புண் மூடியதும் அவை ஓய்வது வழக்கம். சற்றே மிகையாக வளர்ந்தாலும் காயத்தின் எல்லைக்குள் அடங்கிச் சில ஆண்டுகளில் தணிவது மிகைவளர் தழும்பு. எல்லையைக் கடந்து, தணியாமல் பரவுவது கெலாய்டு. கெலாய்டின் நார்ச்செல்களுக்கு நிறுத்தும் கட்டளை எட்டுவதில்லை. அவற்றைக் கத்தியால் நீக்கும்போது, அந்த நீக்கமே புதிய காயமாகிவிடுகிறது. பழைய தூண்டுதல் மீண்டும் தொடங்குகிறது. அறுவை ஒன்றையே நம்பியபோது நூற்றுக்கு 45 முதல் 100 வரையிலான தழும்புகள் திரும்பி வந்ததாக மருத்துவ இலக்கியம் கூறுகிறது. நோயைத் தீர்க்க எடுத்த கருவியே நோய்க்கு விதையாகிறது என்பதே கத்தியின் குறை.

கத்தியின் குறையை வேறொரு கருவியால் ஈடுசெய்யும் எண்ணம் நம் மருத்துவ மரபுகளுக்குப் புதிதன்று. சித்த மருத்துவம் கூறும் முப்பத்திரண்டு புறமருந்துகளில் அறுவையும் உண்டு. சுட்டிகை என்னும் சூடும், காரமும் உண்டு. மருந்தாலும் கத்தியாலும் காரத்தாலும் தீராதவை தீயால் தீரும் என்றும், தீயால் சுடப்பட்ட நோய் மீளாது என்றும் சுசுருதர் கருதினார். கெலாய்டைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை பொருந்தவில்லை. தீப்புண்ணே கெலாய்டின் பிறப்பிடங்களுள் ஒன்று. சுட்ட இடத்தில் மேலும் பெரிய தழும்பு எழும். வேண்டியிருந்தது சுடாத தீ: தோலைக் காயப்படுத்தாமல், அதனுள் பெருகத் துடிக்கும் செல்களை மட்டும் அடக்கும் ஒன்று.

1895 நவம்பரில் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே, 1896-இல், வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராயிண்ட் அதனை மருந்தாக்கினார். அவர் எடுத்துக்கொண்ட நோய் புற்றன்று. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் முதுகில் இருந்த மயிரடர்ந்த மறு. மயிர் உதிர்ந்தது; கூடவே ஆறாத புண்ணும் தோன்றியது. அச்சிறுமி முதுமை வரை வாழ்ந்தார். கதிர் விட்டுச்சென்ற தழும்பும் அவரோடு இருந்தது. கதிர்மருத்துவத்தின் முதல் பக்கத்திலேயே அதன் பயனும் தீங்கும் ஒரே உடலில் எழுதப்பட்டுவிட்டன. உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோய்க்காக எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்ற வினாவும் அன்றே பிறந்துவிட்டது.

1906-இல் பிரெஞ்சுத் தோல்நோய் மருத்துவர்களான டெ பேர்மானும் கூஜெரோவும் கெலாய்டுக்குக் கதிர் கொடுத்ததை எழுதினர். கதிரை மட்டும் கொடுத்தபோது முழுப் பயன் கிட்டவில்லை. அரிப்பும் வலியும் தணிந்தன; முதிர்ந்த திரள் பெரும்பாலும் அப்படியே இருந்தது. காரணம் எளிது. பகுந்து பெருகும் செல்லைக் கதிர் தாக்கும். நூற்று முடித்த கொலாஜன் கயிற்றை அது ஒன்றும் செய்யாது. ஆக, கத்தி திரளை நீக்கும், ஆனால் மறுவளர்ச்சியைத் தூண்டும். கதிர் மறுவளர்ச்சியை அடக்கும், ஆனால் திரளை நீக்காது. இரண்டின் குறைகளும் ஒன்றையொன்று நிரப்பும் வகையில் அமைந்திருந்தன.

இந்த இணைப்பை இரு துறைகளின் கூட்டு வேலையாக நிறுத்திய கட்டுரைகளில் ஒன்று 1942-இல் லான்செட் இதழில் வந்தது. எழுதியவர்கள் கதிர்மருத்துவர் லெவிட்டும் ஹரோல்ட் கில்லீஸும். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்கு முகம் மீட்டுக் கொடுத்து, தற்கால ஒட்டறுவைத் துறைக்கு வித்திட்டவர் கில்லீஸ். கத்தியில் அத்தனை தேர்ந்த கை, தழும்பின் முன் கதிரின் துணையை நாடியது கருதத்தக்கது. 1961-இல் அமெரிக்காவில் கோஸ்மன் முதலியோர் பெருந்தொகையான நோயாளர்களின் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அறுவைக்கும் கதிருக்கும் இடையிலுள்ள காலம் சிறப்புக் கவனம் பெறத் தொடங்கியது. இன்று பொதுவாக ஏற்கப்பட்ட நடைமுறை இது: திரளை அறுத்து, இழுவிசை மிகாதவாறு தைத்து, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முதல் கதிரைக் கொடுக்கவேண்டும். நார்ச்செல்கள் விழித்தெழும் அந்தத் தொடக்கப் பொழுதில் கதிர் சென்று சேரவேண்டும். நாள் கடந்தால், நூற்பு தொடங்கிவிட்ட ஆலையின் கதவைப் பூட்டுவது போலாகிவிடும்.

இதே காலத்தில்தான் கதிரின் மறுபக்கமும் வெளிப்பட்டது. முதுகெலும்பு இறுக்க நோய்க்காகக் கதிர் பெற்ற 13,000-க்கும் மேற்பட்ட பிரித்தானிய நோயாளர்களை ஆராய்ந்த கோர்ட் பிரௌனும் ரிச்சர்ட் டாலும், அவர்களிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருந்ததை 1957-இல் வெளியிட்டனர். தலைப் படர்தாமரைக்காகக் குழந்தைப் பருவத்தில் கதிர் பெற்ற ஏறத்தாழ 11,000 இஸ்ரேலியரை மோடான் முதலியோர் ஆராய்ந்து, தலை–கழுத்துக் கட்டிகளும் தைராய்டுப் புற்றும் கூடியிருந்ததை 1974-இல் காட்டினர். படர்தாமரையும் மறுவும் தழும்பும் கொல்லாத நோய்கள். அவற்றுக்காகப் புற்றுநோயை விலைக்கு வாங்கலாமா என்ற அச்சம் மருத்துவ உலகைப் பற்றிக்கொண்டது. கொல்லாத நோய்களுக்குக் கதிர் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் சுருங்கியது. 1960-களில் பரவிய டிரையம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியே கெலாய்டுக்கு முதல் மருந்தாக நிலைபெற்றது. இன்றும் பல இடங்களில் அதுவே முதல் படி.

கதிரின் அச்சத்தை மற்ற எவரினும் கூடுதலாக அறிந்த நாடு ஜப்பான். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டின் வெப்பத்தில் வெந்து பிழைத்தோரின் முகங்களிலும் கைகளிலும் தடித்த தழும்புகள் எழுந்தன. 'கெரோய்டோ' என்ற சொல் அந்நாட்டில் மருத்துவ நூலை விட்டு வெளியேறி மக்கள் பேச்சில் கலந்தது. தழும்பேறிய முகத்தோடு வெளியே வரக் கூசிய இளம்பெண்களுள் 25 பேர் 1955-இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு அறுவைச் சிகிச்சைகள் பெற்றனர். அவர்களுள் ஒருவர் 1956-இல் அறுவையின்போது இறந்தார். உயிரைக் கொல்லாத நோய் என்ற மருத்துவத் தொடர், அந்தப் பெண்களின் வாழ்க்கையை எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதை வரலாறு இங்கே பதிவு செய்திருக்கிறது.

அதே ஜப்பானில்தான் கெலாய்டுக்கான கதிர்மருத்துவம் நுட்பமாக வளர்ந்தது என்பது வியப்புக்குரியது. தோக்கியோவின் நிப்பான் மருத்துவப் பள்ளியில் ரெய் ஒகாவாவும் உடனாய்வாளர்களும், எல்லா இடத்துக்கும் ஒரே அளவு கதிர் என்ற பழைய முறையைக் கைவிட்டனர். மூச்சோடும் கையசைவோடும் ஓயாமல் இழுபடும் மார்புக்கும் தோட்பட்டைக்கும் 4 நாள்களில் 20 கிரே. இழுவிசை குறைந்த காதுமடலுக்கு 2 நாள்களில் 10 கிரே. பிற இடங்களுக்கு 3 நாள்களில் 15 கிரே என்று பிரித்தனர். தலை–கழுத்துப் புற்றுநோய்க்கு ஆறேழு வாரங்களில் 66 முதல் 70 கிரே வரை கொடுக்கப்படுவதோடு இதனை ஒப்பிட்டால் அளவின் சிறுமை விளங்கும். 2005-இல் நெதர்லாந்தின் காலும் வீனும் பழைய ஆய்வுகளை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்து, போதிய கதிரை அறுவைக்குப் பின் இரண்டு நாள்களுக்குள் கொடுத்தால் மறுவரவு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே குறையலாம் என்றனர்; ஒரே வேளையில் 13 கிரே, அல்லது இரு வேளை 8 கிரே வீதம், அல்லது மூன்று வேளை 6 கிரே வீதம் என்பது அவர்கள் காட்டிய கணக்கு. 2017-இல் 9,048 கெலாய்டுகளைத் தொகுத்த மாங்கௌஸ்கி முதலியோரின் கணக்கு சற்றுக் கண்டிப்பானது: கதிர் மட்டும் கொடுத்தபோது மறுவரவு 37 விழுக்காடு, அறுவையோடு சேர்த்தபோது 22 விழுக்காடு, தையலின் அடியில் மெல்லிய குழாயை வைத்து அதனுள் கதிர்மூலத்தைச் செலுத்தும் உட்கதிர் முறையில் 15 விழுக்காடு. முழு வெற்றி என்று எதையும் சொல்வதற்கில்லை. ஆயினும் 45 முதல் 100 என்ற பழைய எண்ணிலிருந்து இது நெடுந்தொலைவு.

பழைய அச்சத்துக்கும் விடை தேடப்பட்டது. கெலாய்டுக்குக் கொடுத்த கதிரால் புற்றுநோய் வந்திருக்கக்கூடும் என்று பதிவான நிகழ்வுகளை 2009-இல் ஒகாவா குழுவினர் மருத்துவ இலக்கியம் முழுவதும் தேடினர்; கிடைத்தவை ஐந்து. தைராய்டு, மார்பகம் போன்ற எளிதில் பாதிக்கப்படும் உறுப்புகளை, சிறப்பாகக் குழந்தைகளிடத்தில், காத்துக்கொண்டால் இச்சிகிச்சை ஏற்கத்தக்கது என்பது அவர்கள் முடிவு. நேர்கோட்டு முடுக்கியின் எலக்ட்ரான் கற்றை தோலுக்குக் கீழே சில சென்டிமீட்டருக்குள் தன் ஆற்றலை இழந்துவிடுவது இதற்கு உதவுகிறது. ஐந்து என்ற எண் ஆறுதல் தரும். எனினும் கதிரால் வரும் புற்று பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும் என்பதையும் உடன் நினைக்கவேண்டும். இருபது வயதினருக்குக் கொடுக்கும் கதிரின் கணக்கு அவருடைய அறுபதாம் வயதில்தான் முடியும்.

தென்னிந்தியாவில் இக்கதை வேறொரு சிக்கலைச் சந்திக்கிறது. இங்கே கதிர்மருத்துவம் பெரும்பாலும் புற்றுநோய் மருத்துவத்தின் அங்கமாகவே வளர்ந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934-இல் பர்னார்டு கதிரியல் நிறுவனம் எழுந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1957-இல் கோபால்ட் பொறி வந்தது. திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் அமைந்தது. கொச்சியின் மருத்துவமனைகளிலும் கதிர்ப்பொறி இருப்பது புற்றுநோய்ப் பிரிவில்தான். ஆகவே தேவராவிலோ மட்டாஞ்சேரியிலோ வாழும் ஓர் இளம்பெண், மேற்காதில் எழுந்த திரளுக்காக ஒட்டறுவை மருத்துவரை அணுகினால், மறுநாள் காலை அவர் அமரவேண்டிய இடம் புற்றுநோயாளர் வரிசை. பெயர்ப்பலகையைக் கண்ட உடனே குடும்பம் கலங்கும். தனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்களோ என்று நோயாளி ஐயுறலாம். அலிபேர் 1817 அளவில் அஞ்சிய அதே மயக்கம், சொல்லில் நீங்கி, கட்டடத்தில் வந்து நிற்கிறது.

இதற்கு இரு கடமைகள் பிறக்கின்றன. முதலாவது காலத்தைப் பற்றியது. கத்தி ஒரு துறையிலும் கதிர் மற்றொரு துறையிலும் இருக்க, இடையே உள்ள பொழுது 48 மணி நேரம் மட்டுமே. அறுவைக்கு நாள் குறிக்கும்போதே கதிருக்கும் நாள் குறிக்கப்படாவிட்டால், அறுத்ததே வீணாகும். நோயாளி முன்னிலும் பெரிய தழும்போடு வீடு திரும்ப நேரும். புற்றுநோயாளர் காத்திருக்கும் பொறியில் ஒரு தழும்புக்கு இடம் ஒதுக்குவது எளிய முடிவுமன்று. எனவே ஊசியாலும் சிலிக்கான் பட்டையாலும் அடங்காத, வலியும் அரிப்பும் மிகுந்த, ஒருமுறை அறுத்துத் திரும்பி வந்த கெலாய்டுகளுக்கே இதனைக் காத்துவைப்பது நேர்மையாகும். குழந்தைகளையும் கருவுற்றோரையும் விலக்குவதும் அந்த நேர்மையைச் சேர்ந்தது.

இரண்டாவது கடமை மொழியைப் பற்றியது. இது புற்றன்று, ஆனால் புற்றுக்குரிய பொறியில் சிறிதளவு கதிர் தரப்போகிறோம், மறுவரவுக்கு வாய்ப்பு இவ்வளவு, தொலைநாள் ஆபத்து மிகச் சிறிது, ஆனால் இல்லை என்று சொல்ல இயலாது. இந்த நான்கு செய்திகளையும் நோயாளி தன் மொழியில் கேட்டு, தன் மொழியில் வினவி, பின்னர் ஒப்புதல் தரவேண்டும். ஆங்கிலப் படிவத்தின் அடியில் இடும் கையொப்பம் அதற்கு ஈடாகாது. 1896-இல் வியன்னாச் சிறுமியிடம் யாரும் கேட்டிருக்க முடியாது. கதிர் என்ன செய்யும் என்று அன்று மருத்துவருக்கே தெரியாது. இன்று தெரியும். தெரிந்ததைச் சொல்வதற்கான சொற்களைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆக்கி, மருத்துவமனையின் காத்திருப்பு அறை வரை கொண்டுசேர்ப்பது இன்னும் முடியாத வேலை.